ஆடும் புலியும் நடுவனும்: போர் ஆட்டங்களில் வலுச்சமநிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆட்டம் என்பது ஓய்வு நேரத்தைக் கழிக்கும் எளிய பொழுதுபோக்கு என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. அரசியல், பொருளாதாரம், சமயம் ஆகியவற்றுக்கு வரலாற்று நூல்களில் வழங்கப்படும் இடத்தில் நூறில் ஒரு பங்குதானும் ஆட்டங்களுக்கு வழங்கப்படுவதில்லை. எனினும், ஒரு சமுதாயம் எதனை நேர்மையான போட்டி எனக் கொண்டது, வலியோனையும் மெலியோனையும் ஒரே களத்தில் எவ்வாறு நிறுத்தியது என்பனவற்றை அறிய விரும்புவோர்க்கு அச்சமுதாயத்தின் ஆட்ட விதிகள் அரிய சான்றுகளாகும். சட்டநூல் சொல்லாத நீதியை ஆட்டவிதி சில வேளை சொல்லிவிடுகின்றது.

தமிழ் மக்களிடையே பலகை ஆட்டம் மிகப் பழையது. புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பாழ்பட்ட ஊர்ப்பொதியில் ஒன்றைக் காட்டுகின்றார். நரைத்த முதியோர் நாள்தோறும் வல்லாட்டக் காயை வைத்து வைத்துக் குழிந்துபோன இடத்திற் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. ஓர் ஊர் அழிந்ததைச் சொல்வதற்குப் புலவர் தேர்ந்த அடையாளங்களுள் ஒன்று ஆடுவாரற்றுப்போன ஆட்டக்களம் என்பது கருதற்பாலது. அதே மரபில் வந்த திருக்குறள் 94ஆம் அதிகாரத்திற் சூதினைக் கடிந்துரைக்கின்றது. ஆட்டம் மனிதனைக் கூட்டவும் வல்லது, கெடுக்கவும் வல்லது என்ற இருநிலை உணர்வு தமிழரிடம் அன்றே இருந்தது எனலாம்.

பலகையில் அல்லது மேசையில் நடத்தப்படும் போர் ஆட்டங்களில் எதிரியின் வலிமையை எவ்வளவாக அமைப்பது என்ற வினா எவ்வாறு எழுந்தது, அதற்குக் காலந்தோறும் என்ன விடைகள் கூறப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனைப் பாத்திர ஆட்டத்துடன் இவ்வினா கூர்மையடைந்தது. ஆயினும் அதன் வேர்கள் ஐரோப்பியப் படைப்பள்ளிகளில் மட்டுமன்றி, இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தை போன்ற தோட்டப் பகுதிகளில் வாழும் மக்கள் தம்முடன் கொண்டுவந்த ஆட்டத்தினுள்ளும் கூத்தினுள்ளும் ஒப்புநோக்கத் தக்கனவாக உள்ளன.

நிறையற்ற உடைமைகள்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது கஹவத்தை. தேயிலையும் இறப்பரும் அயலயலே வளரும் தாழ்நிலத் தோட்டங்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கையுடன் தொடங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் வருகை, 1869இல் இலைநோய் கோப்பியைப் பற்றிய பின்னர் தேயிலையையும் இறப்பரையும் பின்பற்றித் தொடர்ந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்த இம்மக்கள் கையிற் கொண்டுவந்தவை மிகச் சில. கடனும் மூட்டையும் தவிர்ந்த ஏனைய உடைமைகள் நிறையற்றவை. பாட்டு, கதை, கூத்து, ஆட்டவிதி என்பன அவை.

ஆட்டவிதிக்கு நிறையில்லை என்பதே அது கடலைக் கடந்ததற்குக் காரணம். ஆடுபுலி ஆட்டத்துக்குப் பலகையோ காயோ விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. லயன் காம்பராவின் இஸ்தோப்பிற் கரித்துண்டாற் கோடு கீறி, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத் தரைகளிற் செதுக்கப்பட்டுக் கிடக்கும் அதே கோடுகள் இவ்வாறு கரியாலும் கீறப்படத்தக்கன.

ஒத்த படையும் ஒவ்வாத படையும்

இந்திய நிலப்பரப்பிற் பிறந்த போர் ஆட்டங்களை இரு வகையாகப் பகுக்கலாம். முதலாவது வகைக்குச் சதுரங்கம் தலைசிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் இந்தியாவில் உருவாகிப் பாரசீகத்துக்கும் அராபிய நாடுகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்ற இவ்வாட்டத்தில் யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படைகளும் இரு தரப்புக்கும் சரிசமமாக வழங்கப்படுகின்றன. இங்குச் சமநிலை என்பது ஒப்புமையால் விளைவது. எதிரிக்கு உள்ளது எனக்கும் உள்ளது. ஆகவே தோல்விக்கு என் அறிவே பொறுப்பு என்பது இதன் அடிப்படை. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் தாயமுருட்டி ஆடும் சதுரங்க வகையொன்றையும் குறித்துள்ளார். அறிவுடன் வாய்ப்பும் களத்திற் புகுந்தமைக்கு இது சான்று.

இரண்டாவது வகையே ஆடுபுலி. இதன் களத்தில் 23 புள்ளிகள் உள. ஒருவர் 3 புலிகளையும் மற்றவர் 15 ஆடுகளையும் கொண்டு ஆடுவர். ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படும். பதினைந்தும் களத்தில் இறங்கும்வரை எந்த ஆடும் நகர இயலாது. புலியோ தொடக்கத்திலிருந்தே நகரலாம். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி வெற்றுப் புள்ளியிற் குதித்து அதனை வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் நகரவியலாதவாறு அவற்றை அடைத்துவிடுதலே ஆடுகளின் வெற்றியாகும். எத்தனை ஆடுகள் வெட்டுண்டாற் புலி வென்றதாகும் என்பது இடத்துக்கிடம் வேறுபடும்.

இங்கு எந்தக் காயும் எதிரியின் காய்க்கு ஒப்பானதன்று. தொகையும் வேறு, ஆற்றலும் வேறு, வெற்றியின் இலக்கணமும் வேறு. ஆயினும் ஆட்டம் நேர்மையானது என ஆடுவோர் ஏற்றுக்கொள்கின்றனர். பதினைந்து ஆடுகளுக்குப் பதிலாகப் பத்தை மட்டும் வழங்கினாற் புலியின் வெற்றி எளிதாகிவிடும். இருபது வழங்கினாற் புலிக்குக் குதிக்க இடமிராது. பதினைந்து என்ற எண் எவருடைய கணக்கிலும் எழுதப்பட்டதன்று. பல தலைமுறைகள் ஆடி ஆடித் தேர்ந்தது. ஒவ்வாத இரு வலிமைகளை ஒரு களத்தில் நிறுத்துவதற்கான அளவையைக் கண்டறிந்தோர் பெயர் தெரியாத பாமர மக்களே.

இவ்வகை ஆட்டங்கள் தமிழருக்கு மட்டும் உரியனவல்ல. 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் ஹென்றி பார்க்கர், சிங்கள மக்களிடையே வழங்கிய சிறுத்தை ஆட்டங்களை விவரித்துள்ளார். ‘ஹத் திவியன் கெலிய’ என்ற பெயரே ஏழு சிறுத்தைகளின் ஆட்டம் எனப் பொருள்படும். எனவே, தோட்டத்து லயத்திலும் அயலிலுள்ள சிங்களக் கிராமத்திலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் வழங்கத்தக்க சூழல் சப்பிரகமுவவில் இருந்தது. நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளும் உள்ளன. 5 ஆடுகள் வெட்டுண்டாற் புலிகள் வென்றனவாகும். லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் ஆகிய ஆய்வாளர்கள் இவ்வாட்டத்தைக் கணினியால் முற்றாக ஆராய்ந்து, இரு தரப்பினரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என நிறுவியுள்ளனர். ஏட்டறிவற்ற மலைவாழ் மக்கள் கையாலும் கண்ணாலும் கண்டறிந்த சமநிலையை இருபத்தோராம் நூற்றாண்டின் கணினி மெய்ப்பித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கூத்திலே போர்

பாத்திரமேற்று ஆடுதல் என்ற கூறினை நோக்கின், மலையகத்தில் அதன் இருப்பிடம் கூத்துக்களமாகும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் தோட்டப்புற மக்களின் முதன்மையான கூத்துகளாகக் கருதப்படுவன. மூன்றிலும் மோதல் உண்டு. மூன்றிலும் அம்மோதலின் தன்மை வேறுபடுகின்றது.

மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதன் சிவனின் தவத்தைக் குலைக்கச் செல்கின்றான். இரதி தடுக்கின்றாள். ஒரே பார்வையில் அவன் எரிகின்றான். இங்குச் சமநிலைக்கு இடமே இல்லை. பொன்னர் சங்கர் கதையில் வீரர்கள் தம் பகைவரை வெல்லும் வலிமை பெற்றோர். ஆயினும் படுகளத்தில் வீழ்கின்றனர். வீழ்ச்சியும் எழுச்சியும் அக்கதையின் ஊழ்.

அருச்சுனன் தபசோ நம் ஆய்வுக்கு மிக அண்மையானது. பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனன் முன் சிவன் வேடனாக வருகின்றான். பன்றியுருவில் வந்த மூகாசுரன்மீது இருவர் அம்பும் பாய்கின்றன. வேட்டை யாருடையது என்ற வழக்கு வில்லுப்போராகவும் பின்னர் மற்போராகவும் வளர்கின்றது. வில்லிபாரதத்தின் அருச்சுனன் தவநிலைச் சருக்கம் இதனை விரித்துரைக்கின்றது. நெற்றிக்கண்ணால் மன்மதனை நொடியில் எரித்த அதே கடவுள், அருச்சுனன் முன் தன் வலிமையை ஒரு வேடனின் அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றான். அவனை அழித்தற்கன்று, அறிதற்கே போர் நடைபெறுகின்றது. அருச்சுனன் தோற்கின்றான், தோல்வியிலும் தன் திறமையைக் காட்டியமையாற் படைக்கலம் பெறுகின்றான். எதிரியின் வலிமையை வீரனின் ஆற்றலுக்கேற்ப அளந்து அமைத்தல் என்ற கருத்து, பிற்காலத்து ஆட்ட நூல்கள் எண்களிற் கூறியது, இங்குக் கதையாகவே நிற்கின்றது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கூத்தின் முடிவு முன்னரே தெரிந்தது. மன்மதன் எரிவான் என்பதை அறிந்தே மக்கள் விடிய விடிய விழித்திருக்கின்றனர். முடிவு திறந்திருக்கும் இடத்திலேதான் சமநிலை ஒரு சிக்கலாகின்றது. பலகையாட்டத்தில் முடிவு திறந்திருக்கின்றது. ஆனாற் பாத்திரம் இல்லை. கூத்திற் பாத்திரம் இருக்கின்றது, முடிவு மூடியிருக்கின்றது. இவ்விரண்டும் இணைவதற்கு வேறொரு நிறுவனம் தேவைப்பட்டது. அது நடுவன் என்ற நிறுவனம்.

பிரசியப் படைப்பள்ளியும் நடுவனும்

சதுரங்கத்தைப் படைப்பயிற்சிக் கருவியாக மாற்ற ஐரோப்பியர் பலர் முயன்றனர். 1780இல் பிரவுன்சுவிக் நகரத்தவரான ஹெல்விக் சதுரங்கப் பலகையை விரித்துப் பல்வகை நிலங்களையும் அதிற் சேர்த்தார். பிரசியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்குத் தாம் அமைத்த போர் ஆட்டத்தைக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் வெளியிட்ட விதிநூலே ‘கிறீக்ஸ்பீல்’ எனப்படும் ஆட்டத்துக்கு உறுதியான வடிவம் தந்தது. உண்மையான நிலப்படங்கள், படைகளின் வலு விகிதத்துக்கேற்ற தாயக்கட்டைகள், இழப்பைக் கணிக்கும் அட்டவணைகள் ஆகியவற்றுடன், இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் ஒருவரும் இதில் இடம்பெற்றார். ஆடுவோர் தம் கட்டளைகளை நடுவரிடம் கூறுவர். எதிரியைப் பற்றி எதனை அவர்கள் அறியலாம் என்பதை நடுவரே தீர்மானிப்பார்.

விதிகள் பெருகப் பெருக ஆட்டம் மெதுவானது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரசியப் படை அலுவலர், அட்டவணைகளையும் தாயத்தையும் பெரும்பாலும் கைவிட்டு, பட்டறிவுமிக்க நடுவரின் தீர்ப்பையே அடிப்படையாகக் கொள்ளுமாறு முன்மொழிந்தார். எண்ணை நம்புவதா, மனிதனை நம்புவதா என்ற வழக்கு அன்று தொடங்கியது; இன்னும் தீரவில்லை.

1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘சிறிய போர்கள்’ என்னும் நூலை வெளியிட்டு, பொம்மைப் படைவீரரைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டமொன்றைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தினார். உண்மைப் போரினும் இச்சிறு போரே மேலானது என்ற அவருடைய வேண்டுகோள் அச்சேறிய மறு ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. அப்போரின் தொடக்கத்தில், 1914இல், பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் படைவலு பற்றிய கணித விதியை எழுதினார். எல்லாரும் எல்லாரையும் தாக்கவியலும் களத்தில் ஒரு படையின் வலு அதன் தொகையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது அதன் சாரம். ஒத்த திறமையுடைய நால்வரும் இருவரும் பொருதினால், நால்வரின் வலு இருவரின் வலுவைப்போல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. தொகைக்குள்ள இந்த மறைந்த ஆற்றலைப் பிற்கால ஆட்ட ஆசிரியர்கள் தாமாகவே மீண்டும் கண்டறிய நேர்ந்தது.

பாத்திர ஆட்டத்தின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் போர் ஆட்டம் இளைஞரின் ஓய்வுநேரத் துறையாகப் பரவியது. 1969இல் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஆடுவோர் படைகளை நடத்துவதற்குப் பதிலாகத் தனித்தனி மனிதரின் பாத்திரங்களை ஏற்றனர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டைப் படைத்து, ஒரே பாத்திரத்தைப் பல அமர்வுகளில் தொடர்ந்து ஆடச் செய்தார். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெறனுடன் சேர்ந்து 1971இல் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டிருந்தார். இவ்விரு மரபுகளும் இணைந்து 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு ஏடுகளாக ஆயிரம் படிகள் அச்சாகி வெளிவந்தது.

இதில் நடுவன் வெறும் தீர்ப்பாளன் அல்லன். உலகைப் படைப்பவனும், பகைவரை நிறுத்துபவனும், அப்பகைவருக்காக ஆடுபவனும், அப்போரிற் தீர்ப்பு வழங்குபவனும் அவனே. பிரசிய நடுவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். இங்கு ஒரு தரப்பே நடுவன். வலுச்சமநிலைச் சிக்கல் இந்த இடத்திலேதான் முழுமையாகப் பிறக்கின்றது. எல்லாம் வல்ல எதிரி ஒருவன் தன் வலிமையை எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே வினா. வேடனாக வந்த சிவன் எதிர்கொண்ட வினாவும் அதுவே.

தொடக்ககால விதிநூல்கள் இதற்குக் கூறிய விடை எளியது. நிலவறையின் அடுக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவு கொடிய பூதங்கள் அங்கு உறையும். செல்வமும் அவ்வளவு பெரிது. எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதை ஆடுவோரே தீர்மானிப்பர். மேலும், எதிர்ப்படும் பூதம் பகைமை காட்டுமா, பேசுமா என்பதைத் தாயம் முடிவு செய்யும். போர் கடுமையானாற் பகைவர் மனமுடைந்து ஓடவும் இடமிருந்தது. இங்குச் சமநிலை என்பது எதிரியைக் குறைத்தலன்று, வழிகளைத் திறந்துவைத்தல். ஓடவும் பேசவும் விலகவும் உரிமையுள்ளவனுக்கு எதிரியின் வலிமை மட்டுமே விதியாகிவிடுவதில்லை.

எண்ணிற் பிடித்த சமநிலை

காலப்போக்கில் ஆட்டம் சந்தைப்பொருளாக வளர்ந்து, ஒருவரையொருவர் அறியாத நடுவர் ஆயிரக்கணக்கானோர் ஒரே நூலைக் கொண்டு ஆட நேர்ந்தபோது, உறுதியான அளவுகோல் வேண்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு பூதத்துக்கும் அறைகூவல் தரம் என்ற எண்ணை வழங்கியது. நால்வர் கொண்ட குழுவின் படிநிலையும் பூதத்தின் தரமும் ஒத்திருப்பின், அப்போர் குழுவின் வளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைச் செலவாக்கும் என்பது கணிப்பு. 2008இன் நான்காம் பதிப்பு, ஒரே அடியில் விழும் சிறு பகைவர் நால்வரைச் சாதாரணப் பகைவர் ஒருவருக்கும், தனித்து நிற்கும் பெரும் பகைவர் ஒருவரைச் சாதாரணப் பகைவர் ஐவருக்கும் ஈடாக்கியது.

2014இன் ஐந்தாம் பதிப்பு தொகையின் ஆற்றலை நேரடியாகக் கணக்கிற் கொண்டது. முதற்படியிலுள்ள நால்வருக்கு 400 புள்ளி கொண்ட போர் உயிராபத்தானது. ‘கொப்லின்’ எனப்படும் குட்டிப் பூதம் ஒன்றுக்கு 50 புள்ளி. நான்கு கொப்லின்களுக்கு 200 புள்ளிதானே என எண்ணுதல் தவறு. பகைவர் மூவர் முதல் அறுவர் வரை சேர்ந்து வரின் அத்தொகையை இரண்டாற் பெருக்குக என்பது விதி. ஆகவே நான்கு குட்டிப் பூதங்கள் 400 புள்ளியை எட்டி உயிராபத்தாகின்றன. லான்செஸ்டரின் விதியையும், பதினைந்து ஆடுகள் மூன்று புலிகளை மடக்கும் காட்சியையும் இக்கணக்கு நினைவூட்டுகின்றது. 2024இல் திருத்தப்பட்ட நடுவர் கையேடு இப்பெருக்கத்தைக் கைவிட்டு, குறைந்தது, நடுத்தரமானது, உயர்ந்தது என்ற மூன்று நிலைகளை மட்டும் வகுத்தது. ஐம்பது ஆண்டுகளாகத் திருத்தியும் எண் முற்றுப்பெறவில்லை.

இவ்விடத்து ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். பாத்திர ஆட்டத்திற் சமநிலை என்று சொல்லப்படுவது சம வாய்ப்பு அன்று. ஒவ்வொரு போரிலும் வெல்வதற்குப் பாதி வாய்ப்பே உண்டெனின், பத்துப் போர்களைக் கடந்து உயிருடன் இருப்பதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு இருப்பினும், பத்துப் போர்களின் பின்னர் அது நூற்றுக்கு அறுபதளவில் நிற்கும். சதுரங்கத்தில் தோற்றவன் காய்களை மீண்டும் அடுக்கலாம். தொடர்கதையாக வாழும் பாத்திரமோ ஒருமுறை இறப்பின் இறந்ததே. எனவே, பெரும்பாலும் வெல்லத்தக்க, ஆயினும் வெற்றிக்கு விலை கேட்கும் போரையே ஆடுவோர் நேர்மையான போர் என்றனர். வெற்றி தோல்வி பற்றிய ஐயத்தைக் காட்டிலும், எதனை இழந்து வெல்வது என்ற தெரிவே அதில் முதன்மை பெறுகின்றது.

நடுவனின் நேர்மை

இக்கணக்குகள் அனைத்துக்கும் அப்பால் ஓர் அறவினா எஞ்சுகின்றது. திரைக்குப் பின்னால் தாயமுருட்டும் நடுவன், ஆடுவோர் அழிவர் எனக் கண்டால் விழுந்த எண்ணை மறைத்து மாற்றிச் சொல்லலாமா? இரக்கத்தாற் செய்யப்படினும் அது ஏமாற்றே என்பர் ஒரு சாரார். கதை தொடர்வதே நோக்கம், தாயம் கருவியே என்பர் மறுசாரார். முதற்சாராரின் வாதம் வலுவுடையதாகத் தோன்றுகின்றது. எதிரியின் வலிமையைப் போருக்கு முன் அளந்து அமைத்தல் நடுவனின் கடமை. போர் தொடங்கிய பின் எண்ணை மாற்றுதல், ஆடுவோர் தம் தெரிவாற் பெற்ற வெற்றியையும் ஐயத்துக்குள்ளாக்குகின்றது. தோற்கவியலாதவனின் வெற்றிக்குப் பொருளில்லை. அருச்சுனன் வேடனை வெல்லவில்லை. ஆகவேதான் அவன் பெற்ற பாசுபதம் பரிசாகின்றது.

ஆடுபுலி ஆட்டத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கு நடுவன் இல்லை. விதி இருவருக்கும் முன்னால் தரையிற் கீறப்பட்டிருக்கின்றது. ஆட்டத்தின் இடையிற் புலிக்காரன் எழுந்து, இனி ஆடுகள் பன்னிரண்டே எனச் சொல்லவியலாது. சொன்னால் ஆட்டம் கலையும்.

ஆட்டத்துக்கு வெளியே இவ்வுறுதி கிட்டுவதில்லை என்பதைத் தோட்ட மக்களின் வரலாறு காட்டுகின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்த இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வாக்கற்றோராயினர். ஒரு தரப்பின் காய்கள் ஆட்டத்தின் இடையிற் பலகையிலிருந்து எடுக்கப்பட்டன. 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதி பாதியாகப் பிரிக்க 1974இல் இன்னோர் உடன்பாடு தேவைப்பட்டது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடந்த இத்தோட்டங்களில் தொகையின் வலுவும் அம்மக்களுக்கு இருக்கவில்லை. நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. விதியை மாற்றும் ஆற்றல் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும்போது, ஒற்றுமை என்ற ஆடுகளின் ஒரே படைக்கலமும் போதாமற் போகின்றது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, போர் ஆட்டங்களின் வரலாறு சமநிலைக்கு நான்கு விடைகளை முன்வைத்துள்ளது எனலாம். இரு தரப்புக்கும் ஒத்த படையை வழங்குதல் சதுரங்கத்தின் விடை. ஒவ்வாத வலிமைகளைத் தொகையாலும் விதியாலும் ஈடுசெய்தல் ஆடுபுலியின் விடை. பொதுவான நடுவரிடம் தீர்ப்பை ஒப்படைத்தல் கிறீக்ஸ்பீலின் விடை. வலியோன் தன் வலிமையைத் தானே அளந்து குறைத்தல் அருச்சுனன் தபசும் பாத்திர ஆட்டமும் கூறும் விடை. இவற்றுள் நான்காவதே மிக அரியது. ஏனெனில் அது வலியோனின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கின்றது. அந்நேர்மை இல்லாதவிடத்து, மாற்றவியலாத விதியொன்று தரையிற் கீறப்பட்டிருத்தலே மெலியோனுக்குப் பாதுகாப்பு.

அமெரிக்க ஆட்டத்தின் ஐம்பதாண்டு வரலாறு நூலாகவும் பதிப்பாகவும் பேணப்பட்டுள்ளது. தோட்டத்து ஆட்டங்களுக்கு அத்தகைய காப்பகம் இல்லை. கப்பலேறித் தாயகம் திரும்பியோருடன் கூத்துப்பாட்டும் ஆட்டவிதியும் ஏறின. எஞ்சியோரின் முதியவர்களும் மறைந்து வருகின்றனர். கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் எந்த ஆட்டம் எத்தனை காய்களுடன் ஆடப்பட்டது, எத்தனை ஆடுகள் வெட்டுண்டாற் புலி வென்றதாகக் கொள்ளப்பட்டது என்பவற்றைத் திரட்டுதல் பல்கலைக்கழக மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பணியன்று. ஒரு குறிப்பேடும் ஒரு விடுமுறையும் அதற்குப் போதும். புறநானூற்றுப் புலவர் கண்ட பாழ்பட்ட பொதியிலிற் காட்டுக்கோழி முட்டையிடுமுன், அக்குழிகளில் முன்னர் காய்வைத்தோர் யாவர், எந்த விதியின்படி வைத்தனர் என்பதைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.